ஒரு அடுப்புக்கு ஒரு சிலிண்டர்

இகில் தெஸ்ஸா
நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை தாவுஸ் எழுதுகிறேன். எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னைப் பட்டணத்தில் படிக்க வைத்தவர் நீங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு இதுவரை கை வரவில்லை. தேர்வுத்தாள் போல ஆகிவிடுமோ என்ற கூச்சம். இவ்வளவு காலமும் ஊர்ச்சபைத் தலைவர் பெலாயித் அவர்கள்தான் அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். இந்த முறை அம்மா, "வீட்டுச் சேதியை அடுத்தவன் கையில குடுக்கத்தான் உன்னை அவன் படிக்க வெச்சானா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். தெற்கே வெயில் தணிந்ததா? எரிவாயு வயல் முகாமில் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

அண்ணிக்குப் பிரசவம் ஆகிவிட்டது. பயப்படாதீர்கள், இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. அம்மா அவனுக்கு இதீர் என்று பெயர் வைத்துவிட்டாள். பிழைக்க வேண்டிய பிள்ளைக்கு 'பிழைப்பான்' என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது என்கிறாள். அழுதால் பூனைக்குட்டி மாதிரிதான் சத்தம் வருகிறது. கீழே பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை அனுப்பும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ரூம் எந்நேரமும் சூடா இருக்கணும். ரூம் ஆறினா பிள்ளையும் ஆறிடும்."

ஹீட்டரை அணைப்பதே இல்லை. அப்படி எரித்தால் ஒரு சிலிண்டர் ஒரு வாரம்தான் தாங்குகிறது. பாதை மோசமாகிவிட்டதால் கேஸ் லாரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மேலே ஏறி வருகிறது. ஒரு அடுப்புக்கு ஒரு சிலிண்டர் என்று ஊர்ச்சபையில் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா, அண்ணி, நான், பிள்ளை எல்லோரும் சேர்ந்து நாம் ஒரே அடுப்புதானே.

உங்களிடம் ஒன்றும் கேட்டு எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான். எல்லோரும் உங்களுக்காகத் துஆ செய்கிறோம்.

தாவுஸ்


தெற்கு முகாம்
டிசம்பர் 4

அன்புத் தங்கை தாவுஸுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். அம்மாவின் கையை நான் முத்தமிட்டதாகச் சொல். உன் அண்ணி ஜோஹருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடச் சொல். பிள்ளைக்கு மூக்கு யாரைப் போல என்று எழுதாமல் விட்டுவிட்டாயே, இதற்கா உனக்குப் பட்டம் கொடுத்தார்கள்?

உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். நம் ஊர் அக்லி தன் பங்கோடு என் பங்கையும் தின்றான்.

நான் தூங்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கம்பத்தின் உச்சியில் தீ தெரியும். வேண்டாத வாயுவை அங்கே விட்டு எரிக்கிறார்கள். மழையோ காற்றோ, அது அணைவதே இல்லை. முன்பெல்லாம் அதன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். உன் கடிதம் வந்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அதில் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டு அனுப்ப முடிந்தால்!

பெலாயிதிடம் இன்னொரு சிலிண்டர் கேள். தெற்கே வந்த பிறகும் ஊர் வரியை ஒரு தவணைகூட நான் விட்டதில்லை என்று சொல். கூச்சப்படாதே. ஜனவரி நடுவில் எனக்கு விடுப்பு. வந்ததும் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இத்துடன் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்
முக்ரான்


இகில் தெஸ்ஸா
டிசம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பணம் கிடைத்தது. இறைவன் உங்கள் கைக்குப் பலம் தரட்டும். மூக்கு உங்களுடையது. அண்ணிக்கு அதில் வருத்தம்தான்.

பெலாயித் அவர்களிடம் கேட்டேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமவே வெகுநேரமாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "உங்கண்ணன் வரியைப் பத்தி யாரும்மா குறை சொன்னா? ஆனா உனக்கு ஒண்ணு அதிகமாக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் என் கதவைத் தட்டுவாங்க. வார்தியா வீட்ல ஒம்பது பேரு, அவங்களுக்கும் ஒண்ணுதான்," என்றார். அவர் சொல்வது நியாயம்தான் என்பதால் திரும்பி வந்துவிட்டேன்.

கள்ள விலைக்கு இரண்டு சிலிண்டர் வாங்கினோம். ஒன்றின் விலை ஐந்து மடங்கு. நீங்கள் அனுப்பியது அதோடு சரி. இப்போது அந்த விலைக்கும் கிடைப்பதில்லை. சமையலை விறகுக்கு மாற்றிவிட்டோம். அத்திப்பழம் காயவைக்கும் தட்டிகளையும் உடைத்து எரித்துவிட்டோம். போன வாரம் லாரி நான்கு நாள் தாமதம். ஹீட்டர் அணைந்துபோனது. மூன்று பேரும் பிள்ளையை மாற்றி மாற்றி மார்போடு வைத்துப் போர்வைக்குள் கிடந்தோம். ஒரு காலைப்பொழுதில் அவன் உதடு ஊதா நிறமாக இருந்தது. அம்மா அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அழுடா, அழுது தொலைடா, உன் அப்பன் காதுல விழற மாதிரி அழு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அழுதான்.

பனி விழத் தொடங்கிவிட்டது. நீங்கள் கம்பளிக்குள் காலை நன்றாகப் பொதிந்து தூங்குங்கள்.

தாவுஸ்


இகில் தெஸ்ஸா
ஜனவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடல்நலம் நன்றாயிருக்க வேண்டும். பாதை மூடிவிட்டது. தபால் நிலையத் தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. இந்தக் கடிதம் எப்போது இறங்கும் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நடந்ததை வேறு யாரிடமிருந்தும் நீங்கள் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்க வேண்டும். அதனால் அவசரம்.

வெள்ளிக்கிழமை ஊர்ச்சபை கூடியிருந்தபோது அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் அதன் வாசலில் நின்றாள். எங்கே போகிறாள் என்று எங்களிடம் சொல்லவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

"இது ஆம்பளைங்க கூட்டம் ஃபெரூஜா. வாசல்ல நின்னு என்ன பண்றே?" என்றார் பெலாயித்.

"உள்ள வரலை. நின்ன இடத்துலேருந்தே சொல்லிட்டுப் போயிடறேன். எம்மவன் முக்ரான் தனியாப் போயிட்டான். எங்க வீட்ல இன்னையிலேருந்து ரெண்டு அடுப்பு."

யாரோ சிரித்தார்கள். "பாலைவனத்துல இருந்துக்கிட்டே தனியாப் போனானா? ஒட்டகத்துல ஏறி வந்து சொல்லிட்டுப் போனானா?"

"அவன் இல்லாட்டி என்ன, அவன் பொண்டாட்டி இருக்கா. உப்பைப் பிரிச்சாச்சு. வேணும்னா வந்து பாத்துக்குங்க."

ஒற்றை மகன், தாய் உயிரோடு இருக்கும்போதே அடுப்பைப் பிரிப்பது நம் ஊரில் எப்படிப்பட்ட பேச்சு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்க அறை அண்ணிக்கும் பிள்ளைக்கும், அந்தப் பக்க அறை தனக்கு என்று அம்மா அதற்குள் மாவையும் எண்ணெயையும் பிரித்து வைத்திருந்தாள். நல்ல ஜாடி அண்ணிக்கு, விளிம்பு உடைந்தது தனக்கு. அண்ணி ஒரு மூலையில் அழுதபடி நின்றார். வந்தவர்கள் அதை மாமியார் மருமகள் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் இரண்டு கூரையிலும் புகை வர வேண்டும், பொய்யென்று தெரிந்தால் இரண்டு சிலிண்டரும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு வார்தியா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "நேத்து வரைக்கும் மருமவளுக்குத் தலைவாரி விட்டே, இன்னைக்கு ஆகாமப் போச்சா? இந்த அதிர்ஷ்டம் எனக்கு இல்லையே! எம்மவன் நாலு பேரும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கறானுங்க," என்றாள்.

"நீயும் ஒருத்தனைப் பிரிச்சு விடேன்," என்றாள் அம்மா.

"பிரிப்பேன். எனக்கு உன் அளவுக்கு வாய் பத்தாது. ஆனா கண்ணு இருக்கு ஃபெரூஜா. பாத்துக்கிட்டே இருப்பேன்."

அண்ணா, இது சிலிண்டருக்காக மட்டும்தான். பாதை மூடுவதற்கு முன் வந்த கடைசி லாரி சபைக் கிடங்கை நிரப்பிவிட்டுப் போனது, அதிலிருந்து எங்களுக்கு இப்போது இரண்டு வருகின்றன. இரண்டும் பிள்ளையின் அறைக்கே. அவன் உதட்டில் நிறம் வந்துவிட்டது. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்க வழி இல்லை. கோபம் வந்தால் அது என்மேல் வரட்டும்.

தாவுஸ்


தெற்கு முகாம்
ஜனவரி 13

தாவுஸுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கே எனக்கும் ஒரு குறையும் இல்லை.

அக்லியின் மைத்துனன் பனிக்குள் நடந்து இறங்கி, பள்ளத்தாக்கிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அக்லி என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "முக்ரான், உன் வீட்ல இப்ப ரெண்டு அடுப்பாமே! லீவுல போனா எந்த அடுப்புல சாப்பிடுவே? ரெண்டுலயும் போடலைன்னா எங்க வீட்டுக்கு வா," என்றான். கரண்டி பிடித்திருந்தவன் வரைக்கும் சிரித்தான்.

அப்பா இறந்தபோதுகூட அந்த அடுப்பு பிரியவில்லை. நான் சாகும்வரைக்கும் பிரியாது என்று அவர் தலைமாட்டில் நின்று சொன்னவன் நான். நான் செத்துவிட்டேனா?

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எழுதத் தெரிந்த பெண் வீட்டில் இருக்கும்போது இதை நான் அக்லி வாயால் கேட்க வேண்டியிருந்தது.

முக்ரான்


இகில் தெஸ்ஸா
ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மனம் அமைதி அடைய வேண்டும். பாதை நேற்றுதான் திறந்தது. உங்கள் கடிதத்தை ஏற்றி வந்த வண்டியிலேயே ஐந்தாம் தேதி நான் எழுதியதும் இறங்கிப் போயிருக்கிறது. தயவுசெய்து அதை முழுதும் படியுங்கள். அதில் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சில வரிகளை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். "நிறுத்தி நிறுத்திப் படிக்காதே, முழுசாப் படி," என்றாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "பிள்ளை உசுரோட இருக்கான்னு எழுது. அதுக்கு மேல எழுத என்ன இருக்கு? முக்ரான் வேணா கோவமா இருக்கட்டும், சூடாவாவது இருப்பான்," என்றாள்.

இதீர் வளர்கிறான். விரலைப் பிடித்தால் விடுவதில்லை. அம்மா நலம். காலையில் கொஞ்சம் தலைவலி இருக்கிறது, குளிர்தான் காரணம் என்கிறாள். விடுப்பில் உங்களை எதிர்பார்த்தோம். பாதை மூடியிருந்ததால் வர முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

தாவுஸ்


தெற்கு முகாம்
பிப்ரவரி 7

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அறிவுக்குப் புரிகிறது தாவுஸ். பிள்ளைக்காகத்தான். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லையே. அந்த வாசலில் நின்று அம்மா என் பெயரைச் சொல்லித் தனியாகப் போய்விட்டான் என்று சொன்ன அந்தக் குரலை நான் கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் என் காதிலேயே இருக்கிறது.

நான் வராததற்குப் பாதை மூடியது காரணமில்லை. என் விடுப்பை வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். பேருந்திலிருந்து இறங்கி எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. ஊரே சன்னலில் நின்று பார்க்கும்.

அம்மா வாயால் சொன்னதை அம்மா வாயாலேயே மாற்றிச் சொல்லட்டும். அதுவரை பணத்தை ஜோஹர் பெயருக்கே அனுப்புகிறேன். என் அடுப்பு அதுதானாமே.

பிள்ளையின் ஒரு கைத்தடத்தைத் தாளில் எடுத்து அனுப்பு. அம்மா தலைவலிக்கு எலுமிச்சைச் சாறு குடிக்கட்டும். இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

முக்ரான்


இகில் தெஸ்ஸா
பிப்ரவரி 15

முக்ரானுக்கு அவர் மனைவி ஜோஹர் சொல்ல, தாவுஸ் எழுதுவது.

கை, கால், காது எல்லாம் நல்லா இருக்கா உங்களுக்கு? நல்லா இருக்கட்டும். காது மட்டும் அக்லி பக்கம் சாஞ்சு கெடக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்குன்னு பணம் அனுப்பினீங்க. நன்றி. நான் தனி வீட்டுக்காரியாம். தனி வீட்டுக்காரி தனியா உக்காந்து அழுதுட்டு இருக்கேன், வந்து பாருங்க. பணத்துல கரி வாங்கி உங்கம்மா பக்கம் வெச்சேன். "இது அடுத்த வீட்டுக் காசு"ன்னு திருப்பி என் வாசல்ல கொட்டிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே கல்லுல வெட்டின படி. நடுவுல கெடந்து நசுங்கறது நானும் உங்க தங்கச்சியும். பிள்ளையோட கையை மாவுல தோச்சு எடுத்திருக்கோம். சரியா விழலை, அவன் விரலை மூடிக்கிட்டான்.

உங்கம்மா அந்தப் பக்க ரூம்ல

அண்ணா, இதற்கு மேல் அண்ணி சொன்னதை நான் எழுதவில்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோருடைய சலாமும் உங்களுக்கு.

தாவுஸ்


தெற்கு முகாம்
பிப்ரவரி 22

தாவுஸ்,

நலம் விசாரித்தெல்லாம் எழுத நேரமில்லை. வடக்கே போகும் லாரிக்காரர் இதை வாங்கிக்கொண்டு போகக் காத்திருக்கிறார். எதை எழுதாமல் விட்டாய்?

முக்ரான்


இகில் தெஸ்ஸா
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கேள்வி ஒரே வரி. என் பதில் அப்படி இருக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

இரண்டு சிலிண்டரும் பிள்ளையின் அறையில் எரிகின்றன என்று எழுதினேன். அப்படியானால் அம்மாவின் அறையில் என்ன எரிகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவும் எழுதாதே என்றாள். அவள் கரிக் கும்முட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறாள். சூடு போய்விடக் கூடாது என்று சன்னல் இடுக்கிலும் கதவடியிலும் துணியை அடைத்துவிடுகிறாள். அந்தத் தலைவலி குளிரால் வந்தது அல்ல, கரிப்புகையால் வந்தது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னை அண்ணியின் அறையில் படுக்கச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகாத பெண் எந்த அடுப்பிலும் இருக்கலாமாம். அடுப்புக்காரி தன் அடுப்பை விட்டு நகரக் கூடாதாம். "எங்கூரைல புகை வரலைன்னா பிள்ளையோட சிலிண்டர் போயிடும்டி" என்பாள். பகலில் பிள்ளையைப் பார்க்க வந்தால்கூட வாசற்படியைத் தாண்ட மாட்டாள். அங்கேயே நின்று எட்டிப் பார்ப்பாள். அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். இரண்டு மாதமாகத் தன் பேரனை அவள் குளிரில் நின்றுதான் கொஞ்சுகிறாள்.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் நான் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது வார்தியாவின் குரல் கேட்டது. "ஃபெரூஜா! உன் கூரைல புகையே காணோமே, பிரிஞ்ச அடுப்பு அணைஞ்சு போச்சா? இப்பவே பெலாயித்தைக் கூப்பிடவா?" என்று சுவருக்கு மேலிருந்து கத்தினாள். அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாமல் வார்தியா எதையும் பேசி முடித்ததில்லை. அவள்தான் முதலில் சுவரைத் தாண்டிக் குதித்தாள், அந்த உடம்போடு. நான் போவதற்குள் கதவைத் தோளால் முட்டித் திறந்து, அம்மாவை அக்குளில் கைகொடுத்து முற்றத்துப் பனிக்கு இழுத்து வந்துவிட்டாள். அம்மாவின் முகம் சிவப்பாக, நன்றாகத் தூங்குகிறவள் முகம் போல இருந்தது. வார்தியா அவள் கன்னத்தில் அடித்துக்கொண்டே, "எந்திரிடி திருட்டு முண்டே, நான் யாரோட சண்டை போடறது, எந்திரி!" என்று அழுதாள்.

மதியத்துக்கு மேல்தான் அம்மா பேசினாள். என் பெயரை மறந்திருந்தாள். பிறகு ஞாபகம் வந்துவிட்டது. மருந்தகத்தில் இருப்பவர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் எழுப்ப முடியாது என்றார்.

இந்த நான்கைந்து நாள் வார்தியா அவளைத் தன் ஒன்பது பேருக்கு நடுவில் படுக்க வைத்தாள். நேற்று அம்மா எழுந்து தன் அறைக்குத் திரும்பிவிட்டாள். கும்முட்டியை மறுபடியும் மூட்டிவிட்டாள். சன்னலைத் திறந்து வைத்தால் அறை உறைகிறது. அவளால் இருமலை நிறுத்த முடியவில்லை. நான் திறக்கிறேன், அவள் மூடுகிறாள்.

"நான் பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ. சபைல என் வாயைத் திறக்க மாட்டேன். போய்ப் பிள்ளை ரூம்ல படு," என்று வார்தியா கெஞ்சினாள்.

அதற்கு அம்மா சொன்னது: "நீ திறக்க மாட்டே. நான் திறந்துட்டேனே. அத்தனை பேர் முன்னால அது அவன் வீடுன்னு சொல்லிட்டேன். அவனும் தன் அடுப்பு அதுதான்னு எழுதிட்டான். கூப்பிடாத வீட்டுக்குள்ள போய்ப் படுக்கறவளா நான்?"

சபையில் போய் மாற்றிச் சொன்னால் ஒரு சிலிண்டர் போய்விடும். பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதமாவது அந்தச் சூடு வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். வசந்தம் வரும்வரை அம்மா தாங்க மாட்டாள். இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறேன்.

நான் தனியாகப் பெலாயித் அவர்களிடம் போனேன். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை. தாய் தன் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கினால் சபை என்ன சொல்லும் என்று கேட்டேன். எல்லாம் அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன். "மகன் கூப்பிட்டு வந்த தாய் விருந்தாளிம்மா. விருந்தாளி எத்தனை நாள் இருந்தாலும் அவ அடுப்பு அவளோடதுதான். கணக்கு மாறாது. நீ போய் அந்தக் கூரைல ரெண்டு விறகைப் புகைய விடு, போதும். ஆனா கூப்பிட வேண்டியவன் வீட்டுக்காரன். மருமக கூப்பிட்டாச் செல்லாது, நீ கூப்பிட்டாலும் செல்லாது," என்றார்.

உங்களிடம் எதுவும் கேட்பதில்லை என்றுதான் முதல் கடிதத்திலிருந்தே நினைத்திருந்தேன். இந்த வீட்டுக்காக நீங்கள் கொடுத்ததெல்லாம் கேட்காமலேயே கொடுத்தது. இப்போது கேட்கிறேன். பணம் வேண்டாம். நீங்கள் வரக்கூட வேண்டாம், உங்களுக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வாருங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் திரும்புவதற்கு முன் அரைமணி நேரம் முகாம் வாசலில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏதாவது ஒரு தாளில், உங்கள் கையால், நான் கேட்டேன் என்று தெரியாதபடி எழுதிக் கொடுங்கள். ஒரே வரி போதும். "அம்மா, என் வீட்டுக்கு வா" என்று.

தாவுஸ்